பேகத்துக்குக் காய்ச்சல் இல்லை

பட்டணத்தைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்த காலையில், தேவப்பிரியம் ஒரு பசுவின் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தெர்மாமீட்டரை உருவி, துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நூற்றொன்றரை. பாதரசத்தைக் கீழே உதறி மறுபடியும் வைத்துப் பார்த்தார். அதே நூற்றொன்றரைதான். மாட்டுக்கு அது சாதாரணச் சூடு.

அந்தப் பசுவின் உடம்புக்குள் வெக்கை நோய் பிடித்துச் செத்த மாட்டின் ரத்தம் ஊசி வழியாகப் போயிருந்தது. போட்டவரும் அவர்தான். வேறு மாடாக இருந்தால் இந்நேரம் காய்ச்சலில் கொதித்து, வாயெல்லாம் புண்ணாகி, நிற்க முடியாமல் சரிந்திருக்கும். இது தலையைத் திருப்பி அவர் சட்டைக் கையை நக்கியது.

"பேகம், நீ என்னைக் கைவிட்டுடாதே" என்றார் அதனிடம்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே மணல்மேட்டில் ஒரு சர்க்கார் கொட்டகை இருந்தது. மாட்டு நோய்களை ஆராய்வதற்காக, ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கட்டியது. தேவப்பிரியத்தின் வாலிபம் முழுவதும் அங்கேதான் கழிந்தது. திருநெல்வேலி ஜில்லாவில் நாசரேத்துப் பக்கத்துக்காரர். அண்ணன்மார் வண்ணாரப்பேட்டையில் கருப்பட்டி மண்டி வைத்து நன்றாக இருந்தார்கள். இவர் மட்டும் மாட்டு வைத்தியம் படித்து, ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கேள்வி இதுதான். கொள்ளைநோய் வரும்போது ஒரு தொழுவத்தில் எல்லா மாடும் சாகிறது, ஒன்று மட்டும் சாவதில்லை. ஏன்?

ஒருமுறை நோய் வந்து பிழைத்த மாட்டுக்கு மறுபடி வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் ரத்தத்தின் தெளிநீரில், அதாவது சீரத்தில், ஒரு காவல் உண்டாகிவிடுகிறது. தடுப்பு ஊசியும் அந்தக் காவலை உண்டாக்குவதற்குத்தான். ஆனால் தேவப்பிரியம் தேடியது அதை அல்ல. நோயைக் கண்டே அறியாத, ஊசியே போடாத ஒரு மாட்டுக்குப் பிறவியிலேயே ஒரு தடுப்புச் சக்தி இருக்க முடியுமா என்பதை. அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் தடுப்பு ஊசி தயாரிக்கும் பிரிவுக்குப் போய்ப் பெரிய பதவிகளுக்கு வந்துவிட்டார்கள். இவரைப் பார்த்தால் "உங்கள் சாகாத மாடு கிடைத்ததா?" என்று கேட்பார்கள்.

கிடைத்தது. கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் யார்டு ஓரத்தில், ரஹீமுன்னிசாவின் தொழுவத்தில். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் செத்துப்போனவன். பால் மாடுகள்தான் அவளுக்குச் சோறு போட்டன. வெக்கை நோய் அந்தத் தொழுவத்தில் நுழைந்தபோது ஒவ்வொன்றாகச் செத்தன. கொம்பு ஒன்று கீழே வளைந்த சாம்பல் நிறப் பசு மட்டும், செத்த மாடுகளின் எச்சில் தொட்டியிலேயே தண்ணீர் குடித்துக்கொண்டு கல்லாட்டம் நின்றது. அதுதான் பேகம்.

தேவப்பிரியம் அதன் ரத்தத்தை எடுத்துத் தெளிநீரைப் பிரித்தார். அதை நோய்க் கிருமியோடு கலந்து ஒரு மலைக்கன்றுக்குப் போட்டார். மலை மாடுகளுக்கு இந்த நோயைத் தாங்கும் வலு கொஞ்சமும் கிடையாது. தெளிநீரில் காவல் இருந்தால் கன்று பிழைத்திருக்க வேண்டும். கன்று செத்தது. அப்படியானால் பேகத்தைக் காப்பாற்றியது தெளிநீர் அல்ல, வேறு ஏதோ ஒன்று. அன்றைக்கு அவர் காலடிப்பேட்டை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார்.

கொட்டகையின் தலைவர் டாக்டர் வால்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரே ஒரு மாட்டை வைத்துக்கொண்டு சொல்வது விஞ்ஞானம் இல்லை, தேவப்பிரியம். அது வதந்தி. அன்றைக்கு அதற்கு நோய் தொற்றாமலே போயிருக்கலாம். நேரே ஊசியில் ஏற்றுங்கள். அப்போதும் நின்றால் பார்க்கலாம்."

அதற்கு ரஹீமுன்னிசா சம்மதிக்க வேண்டும். அவளுக்கு இருந்ததே அந்த ஒரு பசு. மாதக்கணக்கில் நடையாக நடந்தார். கடைசியில் அவள் கேட்டாள்:

"அல்லா மேல ஆணையா இல்ல, உன் ஏசு மேல ஆணையா சொல்லு சார். பேகம் உசுரோட என் வூட்டுக்குத் திரும்புமா?"

"திரும்பும்" என்றார் தேவப்பிரியம். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. ஆனாலும் சொன்னார்.

ஊசி போட்ட பிறகு பேகத்தின் பக்கத்திலேயே புதிதாக ஒரு மலைக்கன்றையும் கட்டினார். அதற்கு ஊசி எதுவும் போடவில்லை. பேகம் தான் நோகாமல் இருந்துகொண்டே நோயை வெளியே விடுகிறதா என்று அந்தக் கன்று காட்டிக் கொடுக்கும். இரண்டும் நலமாக இருந்தால் அவருடைய கேள்விக்குப் பாதி விடை வந்த மாதிரி.

அப்போதுதான் உத்தரவு வந்தது. விசாகப்பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான், அடுத்தது சென்னைதான் என்று ஊரெல்லாம் பேச்சு. சர்க்கார் அலுவலகங்கள் உள்நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. மிருகக்காட்சிசாலையில் புலி சிங்கங்களைச் சுட்டுவிட்டார்களாம் என்றார்கள். வால்டரின் கார் மணலில் திணறிக்கொண்டு வந்து நின்றது. அவர் முகம் கன்றியிருந்தது.

"ஊசி மருந்தெல்லாம் லாரியில் ஏற்றியாகிவிட்டது. நாமும் கிளம்ப வேண்டும். நோய் ஏற்றிய மிருகங்களைச் சாயங்காலத்துக்குள் அழித்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட உத்தரவு."

"பேகத்துக்குக் காய்ச்சல் இல்லை, சார்."

"அது என் கேள்வி இல்லை."

"இன்னும் கொஞ்ச நாள் போதும். கன்றும் தாக்குப் பிடித்துவிட்டால்..."

"வெளியே அந்தச் சாலையைப் பாருங்கள்" என்று வால்டர் கையை நீட்டினார். மணல்மேட்டிலிருந்து பார்த்தால் எறும்புச்சாரை மாதிரி மாட்டு வண்டிகள் தெரிந்தன. பெட்டி, பாய், குழந்தைகள், கோழிக்கூடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ராயபுரத்து வண்டிகள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. "சென்னை முழுவதும் காளை மாட்டின் முதுகில் போகிறது. இங்கிருந்து நோய் ஒரு காளைக்கு ஒட்டினால் ஒவ்வொரு கிராமத்துக்கும் போய்ச் சேரும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை."

தேவப்பிரியத்துக்குத் தெரியும். தெரிந்தும் அவர் கை கூப்பினார். கைகூப்பி அவரை யாரும் பார்த்ததில்லை. வால்டர் காரிலிருந்து ஒரு தோல் பையை எடுத்து மேஜையில் வைத்தார். தேறாத மாடுகளை வலியில்லாமல் கொல்வதற்கான கைத்துப்பாக்கி அதில் இருந்தது.

"நான் எல்லாம் அழிக்கப்பட்டதாக எழுதமாட்டேன். அழிக்கவில்லை என்றும் எழுதமாட்டேன். நீங்கள் எங்களோடு வராவிட்டால் வேலைக்கு வராதவர் கணக்கில்தான் சேரும், அதில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கன்றுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டையும் நீங்களே முடிக்க வேண்டும். யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. வாக்குக் கொடுங்கள்."

கொடுத்தார். இது அந்தப் பசுவைப் பற்றி அவர் கொடுத்த இரண்டாவது வாக்கு.

வீட்டில் அவர் மனைவி ஞானசெல்வி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய அண்ணன், ஊருக்கு ரயிலேற எழும்பூருக்கு வண்டி ஏற்பாடு செய்திருந்தார். பிள்ளைகள் இரண்டும் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தன.

"நான் பின்னாலே வாறேன்" என்றார் தேவப்பிரியம்.

அவள் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "எப்போ?"

"கன்னுக்குட்டி விஷயம் தெரிஞ்சதும்."

"என்ன பேசுதீங்கன்னு தெரிஞ்சுதான் பேசுதீங்களா? குண்டு விழுந்தா நானும் பிள்ளைகளும் யார்கிட்டப் போய் நிக்க? ஊரே ஓடுது. உங்களுக்கு ஒரு மாடு பெரிசாப் போச்சு."

"செல்வி, இத்தனை வருஷம்..."

"நானும் அதே வருஷந்தான் இருந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை சின்னவள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஞானசெல்வி பார்க்கவில்லை.

அவர் கொட்டகைக்குத் திரும்பியபோது அங்கே வேலையாட்கள் ஒருவரும் இல்லை. தொழுவத்து வாசலில் ரஹீமுன்னிசா உட்கார்ந்திருந்தாள். கொருக்குப்பேட்டையிலிருந்து, எதிரே வந்த அத்தனை வண்டிகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கி, தலையில் புல்லுக்கட்டோடு நடந்தே வந்திருந்தாள்.

"இன்னா சார், பட்டணமே வாரி சுருட்டிகினு ஓடுது. நீ இன்னும் கீறியே?"

"நீங்க போகலையா அம்மா?"

"எங்க போவ? என் ஆஸ்தி இங்க கட்டிகினு கீது."

பின்னால் இருந்த தீவன அறையில் அவள் தங்கிக்கொண்டாள். இருவரும் பசுவையும் கன்றையும் பார்த்துக்கொண்டார்கள். அவள் புல் அறுத்தாள், தண்ணீர் இறைத்தாள். அவர் காய்ச்சல் பார்த்தார், ரத்தம் எடுத்தார். ஒரு மிருகத்திலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் பினாயில் நீரில் முழங்கைவரை கழுவினார். கை தோலுரிந்து எரிந்தது. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் சத்தம் நின்றுபோயிருந்ததால் கடலின் இரைச்சல் பக்கத்தில் வந்துவிட்டது போலிருந்தது. விமானச் சத்தம் மாதிரி ஏதாவது கேட்டால் ரஹீமுன்னிசா பேகத்தின் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

வெக்கை நோய் கண்ட மாட்டின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்துபோகும். தேவப்பிரியம் பேகத்தின் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, வெயிலை மைக்ராஸ்கோப்பில் வாங்கிப் பார்த்தார். குறையவே இல்லை. பேகத்தின் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக, பெரிதாக உப்பி, எதையோ தின்று தீர்த்தவை போல இருந்தன. அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டி ஒன்றும் தெரியாமல் போயிற்று.

"அம்மா, இங்கே வாங்க. சீக்கிரம் வாங்க!"

ரஹீமுன்னிசா பயந்து ஓடிவந்தாள். அவளை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார். அவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "ஊதா கலர்ல பொட்டு பொட்டா கீது. இன்னா இது?"

"உங்க பேகத்தோட பட்டாளம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே சண்டை போடத் தெரிஞ்ச பட்டாளம்."

"அப்போ பொழச்சிகிச்சா?"

"பிழைச்சாச்சு."

அவள் வாய்க்குள் துவா ஓதி, அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அன்று இருவரும் கூழோடு கருவாடு சுட்டுச் சாப்பிட்டார்கள். தன் வாழ்நாளில் அதைவிட நல்ல சாப்பாடு சாப்பிட்டதில்லை என்று தேவப்பிரியம் நினைத்தார். ஞானசெல்விக்கு என்ன எழுதலாம் என்று மனதுக்குள் வாக்கியம் கட்டினார்.

அதற்கு அடுத்த நாள் மலைக்கன்று புல்லை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

வெயில் என்று நினைத்தார். நிழலுக்கு மாற்றி, ஈரச் சாக்கைப் போர்த்தினார். தெர்மாமீட்டர் நூற்றுநான்கு காட்டியது. அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அதுவும் அதையேதான் காட்டியது. பெட்டியில் இருந்த எல்லாத் தெர்மாமீட்டரையும் எடுத்துப் பார்த்தார். பிறகு மணலில் உட்கார்ந்து, இது வேறு காய்ச்சல், உண்ணிக் காய்ச்சலாக இருக்கும், இருக்கட்டும் ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னார். மறுநாள் கன்றின் கண்ணிலிருந்து நீர் கோடாக வழிந்தது. கீழுதட்டை இழுத்துப் பார்த்தபோது ஈறு நெடுகத் தவிடு தூவியது போல வெண்புள்ளிகள்.

பேகம் அதன் பக்கத்தில் அசை போட்டுக்கொண்டு நின்றது. நூற்றொன்றரை.

நோய் எப்படி வந்தது? பேகம்தான் மூச்சிலும் எச்சிலிலும் விட்டிருக்க வேண்டும். அல்லது அவருடைய கை. அத்தனை கழுவியும் நகக்கண்ணில் ஏதாவது ஒட்டியிருந்து, ஊசி போட்ட அன்றைக்கே கன்றுக்குப் போயிருக்கலாம். கையென்றால் பேகத்தின் மேல் குற்றமில்லை. அதை அறிய இன்னொரு கன்று வேண்டும், சுத்தமான கொட்டகை வேண்டும், உதவிக்கு ஆள் வேண்டும், நாள் வேண்டும். ஒன்றுமே இல்லை. பினாயில்கூடத் தீரப்போகிறது. அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் வாசல் பக்கம் ரஹீமுன்னிசா அலறுவது கேட்டது. ஓடினார். சாலையிலிருந்து விலகி ஒரு வண்டி மேட்டில் ஏறி வந்திருந்தது. வண்டிக்காரன் காளைகளை அவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டிக்கு நடத்திக்கொண்டிருந்தான். வண்டிக்குள் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் படுத்திருந்தாள்.

"அந்தத் தொட்டிகிட்ட போவாத! போவாதன்றேன்ல!" ரஹீமுன்னிசா ஒரு காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள்.

"தண்ணி தானம்மா? நாக்கு தள்ளுது மாட்டுக்கு."

"சீக்கு மாட்டுத் தண்ணி அது! ஓட்டு, ஓட்டு!"

வண்டிக்காரன் திட்டிக்கொண்டே காளைகளைப் பூட்டினான். வண்டி இறங்கிப் போனதும் அவள் மூச்சிரைக்க நின்றாள். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அப்போதுதான் அவளுக்கே காதில் விழுந்தது போலிருந்தது. மெதுவாக தேவப்பிரியத்தின் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கன்னுக்குட்டிக்கு வந்துச்சா?"

"வந்துட்டுது அம்மா."

"பேகத்துக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்லை. ஒரு நாளும் வராது. ஆனா அது நோயை வெளியே விடுதோன்னு..."

"விடுதோன்னு இன்னா அர்த்தம்? தெரியுமா தெரியாதா?"

"தெரியலை."

அவள் உள்ளே போய் பேகத்தின் கயிற்றை அவிழ்த்தாள். இழுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கத்துப் படலை நோக்கி நடந்தாள். தேவப்பிரியம் ஓடிப்போய்ப் படலில் முதுகை வைத்து நின்றார்.

"வயி வுடு சார். நோவு இல்லாத மாட்ட எவனாச்சும் கொல்லுவானா? உப்பளத்து பக்கம் ஓட்டிகினு போயி நான் தனியா வச்சிக்கிறேன். மனுசன் கண்ணுல காட்ட மாட்டேன்."

"உப்பளத்துலயும் உப்பு வண்டி மாடு நிக்குது அம்மா."

"நீ சொன்னியே! உன் ஏசு மேல சொன்னியே!"

"சொன்னேன்."

அவள் கயிற்றை விட்டுவிட்டு அவர் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். அவர் தடுக்கவில்லை. குத்திக் குத்தி ஓய்ந்தபின் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து கன்று முனகும் சத்தம் வந்தது. தன் தொழுவத்தில் ஒவ்வொரு மாடும் போட்ட அதே முனகல். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"செய்யின்னு நான் சொல்ல மாட்டேன். என் வாயால அத்த கேக்காத" என்றாள். எழுந்து கடல்பக்கமாகப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் கன்று. பிறகு பேகம். துப்பாக்கியை நெற்றியில் வைத்தபோது அது நாக்கை நீட்டி அவருடைய மணிக்கட்டை நக்கியது. அங்கே தோல் உரிந்திருந்ததால் எரிந்தது.

அழுவதற்கு நேரமில்லை. அவர் பேகத்தின் மண்ணீரலையும் நிணநீர்க் கட்டிகளையும் அறுத்தெடுத்து ஜாடியில் வைத்தார். பேகம் எப்படித் தாங்கியது என்பதற்கான விடை அந்தச் சதையில்தான் இருந்தது. கெடாமல் வைக்கப் பனிக்கட்டி வேண்டும். கொட்டகைப் பனிப்பெட்டியில் இருந்தது என்றைக்கோ உருகிவிட்டது. உடல்களின் மேல் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு, ஜாடியை ஈரச் சாக்கில் சுற்றி, எரியும் வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ராயபுரம் போனார். ஐஸ் தொழிற்சாலைக் கதவில் பூட்டுத் தொங்கியது. கதவை இடித்துக் கத்தினார். மீன்காரர்களிடம் ஓடினார். கரையில் ஒரு கிழவர் மட்டும் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"ஐசா? மீனே உப்புல போட்டுகினு கீறோம் நைனா."

தேவப்பிரியம் படகின் நிழலில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் மூடியைத் திறக்க முடியாதபடி நாற்றம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் அதை இறக்கி வைக்கவில்லை.

குண்டு விழவில்லை. சில மாதங்களில் ஜனங்கள் திரும்பினார்கள். ஞானசெல்வியும் திரும்பினாள். அவரைப் பார்த்து, "இப்படி இளைச்சிட்டீங்களே" என்று சொன்னதோடு சரி, அந்த நாட்களைப் பற்றி அவள் ஒருபோதும் கேட்கவில்லை. பேகத்தின் ரத்தம் தடவிய கண்ணாடித் தகடுகளை அவர் மேலிடத்தில் காட்டினார். யாரும் ஏற்கவில்லை. ஒரு மாடு, அதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த கன்று செத்திருக்கிறது. சோதித்துப் பார்க்கச் சதையும் இல்லை. வால்டர் தன்னால் ஆனவரை பேசிப் பார்த்துவிட்டு, உத்தியோகம் முடிந்து கப்பலேறிவிட்டார். ஆராய்ச்சிப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். உத்தரவை மீறித் தங்கியதற்காக தேவப்பிரியத்தைத் தடுப்பு ஊசி போடும் வேலைக்கு மாற்றினார்கள். துறைமுக வண்டி நிலையங்களில், தொழுவங்களில் என்று ஊசியும் கையுமாக அலைந்தார். ஊசி நன்றாகவே வேலை செய்தது. மாடுகள் சாகவில்லை. சாகிற மாடு இல்லாதபோது சாகாத மாட்டை எங்கே தேடுவது? அவர் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, கொருக்குப்பேட்டையில் ரயில் பாதை ஓரம் ஊசி முகாம் போட்டிருந்தார்கள். வரிசையில் ஓர் எருமையைப் பிடித்துக்கொண்டு ரஹீமுன்னிசா வந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. இத்தனை வருஷமும் அவரை எதிரே கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். அன்றைக்குப் போகவில்லை.

அவர் எருமையின் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கும்போது, தணிந்த குரலில் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். கன்னுக்குட்டிக்கு வந்தது பேகத்தாலயா, உன் கையாலயா? அப்பால கண்டுபுடிச்சியா?"

"இல்லை அம்மா. இன்னிக்கும் தெரியாது."

"தெரியாமலே சுட்டே."

"ஆமா."

ரயில் ஒன்று நிலக்கரிப் புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று. எருமை மிரண்டு காலை மாற்றியது. ரஹீமுன்னிசா அதன் கொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"குத்து" என்றாள். "நல்லா கைய கய்வினியா?"

"கழுவினேன்."

"இன்னொருக்கா கய்வு."

தேவப்பிரியம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வாளியை நோக்கி நடந்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் நேரமாகிறதென்று கத்தத் தொடங்கினார்கள். அவர் நகக்கண் நகக்கண்ணாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.